எந்தக் களிமண்ணைக் கொடுப்பது? ஏர் டிரை க்ளேயும் அதன் பங்காளிகளும்

மூன்றாம் நாள் காலை அலமாரித் தட்டில் யானை நின்றுகொண்டிருந்தது. தும்பிக்கை மட்டும் தனியாகக் கிடந்தது. செய்தவனுக்கு ஆறு வயது. அழப்போகிறான் என்று நினைத்தேன், அழவில்லை. விழுந்த துண்டை எடுத்து அதன் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒட்டியிருந்த இடம் வழவழவென்று இருந்தது. "மிஸ், நான் அழுத்தித்தானே ஒட்டினேன்?" என்றான். அழுத்தித்தான் ஒட்டினான். முந்தின வாரம் அதே விரலால், அதே அழுத்தத்தில், பிளே டோவில் ஒட்டிய வால் விழவே இல்லை. காற்றிலேயே காய்ந்து இறுகும் வெள்ளை ஏர் டிரை க்ளேயில் ஒட்டியது விழுந்துவிட்டது. மண் மாறினால் ஒட்டுகிற விதமும் மாற வேண்டும் என்று அவனிடம் முன்பே சொல்லாமல் விட்டது நான்தான்.

வார இறுதிகளில் பிள்ளைகளுக்குக் களிமண் வகுப்பு எடுக்கிறேன் என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "எந்த க்ளே நல்லது?" பதிலுக்கு நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். செய்ததை எடுத்து வைக்க வேண்டுமா, கலைத்து மறுபடி செய்தால் போதுமா? உங்கள் பிள்ளை உருண்டையிலிருந்து கைகாலை இழுத்து எடுக்கிறதா, தனித்தனியாகச் செய்து ஒட்டுகிறதா? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதைக் கேட்டதும் அம்மா அப்பாவைப் பார்ப்பார், அப்பா பிள்ளையைப் பார்ப்பார். எந்தப் பொட்டலம் என்று முடிவாவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான்.

உலராத மண்

நாளைக்கும் பிசைய வருகிற மண் வேண்டும் என்ற தேவையில் பிறந்தது பிளாஸ்டிசின். இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவிய ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்பட், சிற்பம் பழகும் தன் மாணவர்களுக்காக 1897இல் அதைச் செய்தார். சுண்ணாம்புத் தூளை எண்ணெய்ப் பசையில் குழைத்த பொருள் அது. அதில் தண்ணீர் கிடையாது, ஆகவே காய்வதும் கிடையாது. பிளே டோவின் கதை வேறு. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1930களில், சுவர்த்தாளில் படிந்த கரிப்புகையைத் துடைக்க விற்ற மாவுக் கட்டி அது. வீடுகளில் நிலக்கரி அடுப்பு ஒழிந்ததும் துடைக்கக் கரியில்லை, வியாபாரம் படுத்துவிட்டது. கே ஸூஃபால் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அதுவே விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. அதில் கோதுமை மாவு இருப்பதால், கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மட்டும் கொடுக்க வேண்டாம்.

நான்கு வயதுக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், இந்த வகைதான். அந்த வயதில் பிள்ளை பொம்மை செய்வதில்லை. பாம்பாக உருட்டும், விரலால் குத்தும், நசுக்கும், மறுபடி உருட்டும். 'இது என்ன?' என்று கேட்டால் கேட்பவரின் மனம் கோணாமல் இருக்க ஏதோ ஒரு பெயர் சொல்லும். இந்தக் கைக்கு ஏர் டிரை க்ளேயைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் ஓரம் காய்ந்து, பிசையும்போது பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கும். 'முதல் பொம்மை' என்று எடுத்து வைக்கும் ஆசை நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. போட்டோ எடுத்துவிட்டுக் கலைக்க விடுங்கள்.

பிளே டோவிலேயே செய்து காய வைக்கலாமே என்பார்கள். காயும், ஆனால் சுருங்கி வெடித்து, தொட்டால் நொறுங்கும். பிளாஸ்டிசினில் வேறு தொல்லை: குளிர்ந்தால் கல்லாகிவிடும், சின்ன விரல்கள் சோர்ந்துபோகும். பெரியவர் உள்ளங்கையில் வைத்து இளக்கிக் கொடுக்க வேண்டும்.

ஏர் டிரை க்ளே: காயும்போதுதான் கதையே

பெட்டியில் வெள்ளையாகவோ செங்கல் நிறத்திலோ வரும் ஏர் டிரை க்ளேயில் இருப்பது நுண்ணிய கனிமத் தூள், தண்ணீர், துகள்களைப் பிடித்து வைக்கும் பசை. சிலவற்றில் காகித நாரும் சேர்ந்திருக்கும், அதைப் பேப்பர் க்ளே என்பார்கள். தண்ணீர் வெளியேற வெளியேற, அது இருந்த இடத்தை அடைக்கத் துகள்கள் நெருங்கி வரும். மொத்தப் பொருளும் கொஞ்சம் சுருங்கும். வருகிற வெடிப்பெல்லாம் அந்தச் சுருக்கத்திலிருந்து வருவதுதான். நார் கலந்தது குறைவாக வெடிக்கும், எடையும் குறைவு, ஆனால் மேற்பரப்பு அவ்வளவு வழவழப்பாக வராது.

யானைக்கு நடந்ததும் இதுதான். மெல்லிய தும்பிக்கை அரை நாளில் காய்ந்துவிட்டது. முட்டி அளவு தடித்த உடம்புக்கு மூன்று நாள் ஆனது. முன்னே காய்ந்தது தன் பக்கம் சுருங்க, பின்னே காய்ந்தது தன் பக்கம் சுருங்க, வழவழப்பான இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று விட்டுவிட்டன. இதற்கு மருந்து குயவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைதான். ஒட்டப்போகிற இரண்டு பக்கத்தையும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும். அதே மண்ணைத் தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் கரைத்த குழம்பைப் பூச வேண்டும். லேசாக ஆட்டி அழுத்த வேண்டும். பிறகு மூட்டைச் சுற்றி மண்ணை இழுத்துத் தடவி, கோடு தெரியாமல் மூட வேண்டும். வகுப்பில் இதை 'கீறு, பூசு, அழுத்து, தடவு' என்று பாட்டுப் போலச் சொல்ல வைக்கிறேன். ஆறு வயதில் முதல் மூன்றும் பிடிபட்டுவிடும். நான்காவதைத் தாவிவிடுவார்கள், மூட்டு நிற்பதோ அந்த நான்காவதில். விழுந்த தும்பிக்கையைக் குழம்பில் கொஞ்சம் வெள்ளைப் பசை கலந்து திரும்ப ஒட்டினோம். பையன் அந்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை தீட்டி, "கட்டுப் போட்டிருக்கு, தொடாதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பருமன் ஆறு மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. தடித்த உடம்பு வேண்டுமென்றால் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, அதன்மேல் மண்ணைப் போர்த்தலாம். கசங்கிய தாள் சுருக்கத்துக்கு இடம் கொடுக்கும். கழுத்து நிற்கட்டும் என்று உள்ளே பல்குச்சி செருகுவது பலரும் செய்கிற தவறு. மண் சுருங்கும், குச்சி சுருங்காது, குச்சியின் நீளத்துக்கே வெடிப்பு ஓடும்.

பிள்ளைகளோடு இந்த மண்ணில் வேலை செய்யும்போது பெரிய எதிரி தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்தை மேஜையில் வைத்தால் கை மண்ணிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து மண்ணுக்குமாகப் போய்க்கொண்டே இருக்கும். மேலே பளபளவென்று சேறு பூத்ததும் பிள்ளைக்கு ஒரே மகிழ்ச்சி. காய்ந்ததும் அந்த இடமெல்லாம் வறண்ட குளம்போல் வலைவலையாகக் கீறல் விட்டிருக்கும். இப்போது நான் கிண்ணமே வைப்பதில்லை. ஆளுக்கு ஒரு சிறு ஈரப் பஞ்சு, விரலை அதில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

காய 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆகும். ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் இன்னும் இழுக்கும். வெயிலிலோ மின்விசிறிக்கு நேர் கீழோ வைத்து அவசரப்படுத்தினால் வெளித்தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி வைத்து, அடுத்த நாள் எடுத்துவிட்டு, அவ்வப்போது புரட்டி வைப்பதே சரி. காய்ந்ததா என்று தெரிய கன்னத்தில் ஒற்றிப் பார்க்கலாம். சில்லென்று இருந்தால் உள்ளேயிருந்து ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனையைப் பிள்ளைகள் மிகவும் ரசித்துச் செய்வார்கள். சில நாட்களில் வகுப்பில் எல்லோர் கன்னமும் வெள்ளையாக இருக்கும்.

வண்ணத்துக்கு அக்ரிலிக்தான். நீர்வண்ணம் மண்ணை மறுபடி ஈரமாக்கி மேற்பரப்பைக் குழப்பிவிடும். வார்னிஷ் அடித்தால் ஈரக்கையின் தொடுகையைத் தாங்குமே தவிரத் தண்ணீர் ஊற்றி வைக்கிற பாத்திரமாகிவிடாது. இது சூளை காணாத மண். கிண்ணம் செய்து அதில் தண்ணீர் வைத்தால் பசுமண் கலத்தில் நீர் நிரப்பிய கதைதான். உணவுக்கும் உதவாது. பேனா நிறுத்தவோ, பித்தான் போட்டு வைக்கவோ கிண்ணம் செய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவு தொல்லையையும் சொல்லிவிட்டு, ஏழு எட்டு வயதுக்கு மேல் நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான் என்றால் சிரிப்பீர்கள். காரணம் உண்டு. குச்சியால் கீறிய கோடு கூர்மையாக நிற்பது இதில்தான். இலையை அழுத்தி எடுத்தால் நரம்பு நரம்பாகப் பதியும். காய்ந்த பிறகு செதுக்கலாம், தேய்க்கலாம் (தேய்க்கும்போது ஈரத் துணியால் தேய்க்கட்டும், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது). கோபத்தோடு பிசைந்தாலும் பொறுமையோடு பிசைந்தாலும் அந்த வேறுபாடு பொருளில் தெரியும்.

இழுக்கிற பிள்ளை, ஒட்டுகிற பிள்ளை

விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி ஆசிரியர் வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண் வேலை சொல்லிக்கொடுத்தவர். பிறகு அமெரிக்காவுக்குப் போனார். மண்ணில் வேலை செய்கிறவர்கள் இரண்டு வகை என்று அவர் கவனித்தார். ஒரு வகை முழு உருண்டையையும் கையில் வைத்துக்கொண்டு மூக்கை இழுக்கும், காதைக் கிள்ளி எடுக்கும், கடைசிவரை எதையும் பிரிக்காது. இன்னொரு வகை தலை தனி, கை தனி, கால் தனி என்று உருட்டி வைத்துக்கொண்டு பிறகு சேர்க்கும். இரண்டும் சிந்திக்கிற முறைகள், ஒன்றை விட்டு மற்றதுக்கு வரும்படி ஆசிரியர் வற்புறுத்தக் கூடாது என்பது அவர் பக்கம்.

என் வகுப்பிலும் இதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். ஏழு வயதுப் பெண் ஒருத்தி ஆமை செய்தாள். உருண்டையைத் தட்டையாக்கி, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து நான்கு மூலையிலும் ஒரு கிள்ளு, முன்னே ஒரு கிள்ளு, பின்னே சின்னதாய் ஒரு கிள்ளு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த தம்பி அதே ஆமைக்கு ஓடு, தலை, நான்கு கால், வால், இரண்டு கண் என்று ஒன்பது உருண்டை உருட்டிக்கொண்டிருந்தான். ஏர் டிரை க்ளேயில் அக்காவின் ஆமை அப்படியே காய்ந்து வரும், அதில் மூட்டே இல்லை. தம்பியின் ஆமையில் எட்டு மூட்டு, விழுவதற்கு எட்டு வாய்ப்பு.

இழுக்கிற பிள்ளைக்கு ஏர் டிரை க்ளேயை ஐந்து வயதிலேயே தைரியமாகக் கொடுக்கலாம். ஒட்டுகிற பிள்ளைக்கு இரண்டு வழி: 'கீறு, பூசு, அழுத்து, தடவு' பழகும்வரை காத்திருப்பது, அல்லது அடுத்துச் சொல்லப்போகிற ஃபோம் க்ளேக்குப் போவது. சொந்தப் பிள்ளை எந்த வகை என்று தெரிய ஒரு சாயங்காலம் போதும். பிளே டோவைக் கொடுத்து நாய் ஒன்று செய்யச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஃபோம் க்ளே

பஞ்சு மிட்டாய் போல இழுபடுகிற, எடையே தெரியாத, பல நிறங்களில் சின்னச் சின்ன உறைகளில் வருகிற க்ளே இது. சூப்பர் லைட் க்ளே என்றும் சொல்கிறார்கள். இதுவும் காற்றில் உலர்வதுதான். ஆனால் உள்ளே கனிமத் தூளுக்குப் பதிலாகக் காற்றடைத்த மிக நுண்ணிய வெற்றுக் கோளங்கள் இருக்கின்றன. அதனால்தான் காய்ந்த பொம்மை தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. ஈரமாக இருக்கும்போது தானாகவே ஒட்டிக்கொள்ளும், கீறவும் வேண்டாம், குழம்பும் வேண்டாம். வெடிப்பு மிக அரிது. காய்ந்ததும் ரப்பர் போல லேசாக வளையும், கீழே விழுந்தாலும் உடையாது. மஞ்சளையும் நீலத்தையும் பிசைந்தால் கண் முன்னே பச்சை வருகிறது. நிறக்கலவை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கரும்பலகை எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்பது உருண்டை ஆமைத் தம்பிக்கு இது வரப்பிரசாதம்.

பிறகு ஏன் இதையே எல்லோருக்கும் கொடுப்பதில்லை? எதிர்த்து நிற்காத மண் இது. அழுத்தினால் அமுங்கி மெதுவாகத் திரும்பி எழும், கீறிய கோடு உப்பி மழுங்கிப்போகும். மெல்லிய கால்கள் எடை தாங்காமல் சாயும். காய்ந்த பிறகு செதுக்க வராது, தேய்த்தால் பிசிறும். கையில் கனம் இல்லாததால் பிள்ளை தன் பலத்தை அளந்து பார்க்கிற அனுபவமும் குறைவு. எதைச் செய்தாலும் கடையில் விற்கிற பொம்மை மாதிரி பளிச்சென்று வந்துவிடுகிறது என்பது எனக்கு ஒரு சின்ன வருத்தம். பத்துப் பிள்ளைகளின் பத்துப் பூனைகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருக்கும். பெற்றோருக்கு இது பிடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

நடைமுறை எச்சரிக்கை இரண்டு. தரைவிரிப்பிலும் துணியிலும் பட்டால் காயும் முன் எடுத்துவிட வேண்டும். உறையைத் திறந்துவிட்டு மறந்தால் மறுநாள் கையில் இருப்பது பஞ்சு உருண்டை. கனிமக் களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி வைத்து ஓரளவு மீட்கலாம், இதை மீட்பது கடினம்.

நெருப்பு கேட்கும் மண்

பாலிமர் க்ளே பெயரில்தான் மண். உண்மையில் அது பிவிசி பிளாஸ்டிக், அதை மெத்தென்று வைக்கும் இளக்கியோடு சேர்ந்தது. பெரும்பாலானவற்றை 110 முதல் 130 டிகிரி செல்சியஸில் ஓவனில் வைக்க வேண்டும். அளவு மீறிச் சூடானால் கருகி, மூச்சுக்குக் கெடுதலான ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். நுணுக்கம் அருமையாக வரும், மணி கோக்கவும் காதணி செய்யவும் ஏற்றது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல், சுடுவது பெரியவர் பொறுப்பில் என்றால் சரி. சமையலுக்கு எடுக்கும் கத்தி, தட்டு எதையும் இதற்குத் தொடாதீர்கள்.

நிஜமான மண், அதாவது ஆற்றங்கரைக் களிமண்ணோ குயவர் மண்ணோ கிடைத்தால் விடாதீர்கள். காயும்போதே நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை சுருங்கும், சுடாவிட்டால் தண்ணீர் பட்டதும் கரையும். சுமார் 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிய பிறகுதான் அது திரும்பவும் சேறாகாத பொருளாகிறது. வீட்டு ஓவனில் அந்தச் சூடு வராது. ஆனால் சுடாத மண் நிற்காது என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். பிரான்சின் துக் தோதுபேர் குகையில் 1912இல் மூன்று சகோதரர்கள் கண்டெடுத்த காட்டெருமைகள், ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் அளவு, சுடாத களிமண்ணில் செய்தவை. காய்ந்த வெடிப்புகளோடு ஏறத்தாழ 14,000 ஆண்டுகளாக, பாறையில் சாய்ந்தபடி அப்படியே இருக்கின்றன. செக் நாட்டின் தோல்னி வெஸ்தோனிட்சேயில் 1925இல் கிடைத்த சுட்ட மண் பெண்ணுருவம் 25,000 ஆண்டுகளுக்கும் பழையது. 11 சென்டிமீட்டர் உயரமுள்ள அதன்மேல் பதிந்திருக்கும் கைரேகை ஏழிலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடையது என்று கணித்திருக்கிறார்கள். செய்த கையா, ஈரமாக இருக்கும்போதே தொட்டுப் பார்த்த கையா, தெரியாது. ஈரப் பொம்மையைத் தொடாதே என்று சொல்லி நிறுத்த முடிந்த பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

எடுத்து வைக்கிற எண்ணம் இல்லாமல், கை முழுக்கச் சேறாகி விளையாடுவதற்கென்றால் இந்த மண்ணுக்கு ஈடு ஏர் டிரை க்ளேகூட இல்லை. காய்ந்ததை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் அடுத்த வாரம் புது மண். கழுவும் தண்ணீரை மட்டும் குழாய்த் தொட்டியில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளிய விட்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடிமண்ணை எடுத்து வையுங்கள்.

வீட்டில் கிளறுவது

இரண்டு பங்கு மைதா மாவு, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் உப்பு மாவு. தட்டையான உருவங்களுக்கு நன்றாக வரும். அதன் பலவீனம் உப்புதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும், மாதங்கள் கழித்துப் பொம்மை தளர்ந்து தொங்கும். வீட்டில் நாய் இருந்தால் செய்யவே வேண்டாம், அதைத் தின்றால் உப்பு நாய்க்கு நஞ்சாகும்.

எனக்குப் பிடித்தது சோடா மாவு: இரண்டு பங்கு சமையல் சோடா, ஒரு பங்கு சோள மாவு (கடையில் கார்ன்ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளை மாவு), ஒன்றேகால் பங்கு தண்ணீர். அடுப்பில் கிளறி, மசித்த உருளைக்கிழங்கு போல் திரண்டதும் இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி ஆறவிட வேண்டும். பால் வெள்ளையாக, பட்டுப்போல வரும், காற்றிலேயே காயும். விரலளவு பொருட்களுக்கு மட்டும் ஏற்றது, பெரிதாகச் செய்தால் நொறுங்கும். ஒரு சாயங்காலத்துக்குப் பழகிப் பார்க்க இது போதும், பெட்டி வாங்குவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

சரி, முடிவாக எது?

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிளே டோ, முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு, ஐந்து வயதில் செய்ததை எடுத்து வைக்கும் ஆசை பிள்ளைக்கே வந்துவிட்டால் ஃபோம் க்ளே. இழுத்துச் செய்கிற பிள்ளையாக இருந்தால் அதே வயதில் ஏர் டிரை க்ளே, கைக்குள் அடங்குகிற அளவில். ஆறு ஏழு வயதில் இரண்டையும் வாங்கி ஒரே மேஜையில் வைப்பேன், பிள்ளையே எதை நோக்கிக் கை நீட்டுகிறது என்று பார்க்கலாம். எட்டு வயதுக்கு மேல் ஏர் டிரை க்ளேதான் என் தேர்வு. அந்த வயதில் 'ஏன் வெடித்தது?' என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லி, அடுத்த முறை அதே கையால் சரிசெய்ய வைக்க முடிகிறது.

இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் கணக்கு மாறும். அங்கே ஏர் டிரை க்ளேக்கு மூன்று நாள் காய வைக்கத் தட்டும் இடமும் வேண்டும், பெயர் எழுத வேண்டும், யார் யாருடையது என்ற சண்டையைத் தீர்க்க வேண்டும். பெயரை ஈரமாக இருக்கும்போதே அடியில் குச்சியால் கீறிவிடச் சொல்லுங்கள், ஒட்டிய காகிதச் சீட்டு எப்போதும் விழுந்துவிடும். ஒரே ஒரு மணி நேரந்தான் கிடைக்கும், மறுவாரம் திரும்பி வரப்போவதில்லை என்றால் ஃபோம் க்ளே கொடுங்கள். வண்ணம் தனியாகத் தீட்ட வேண்டாம், கையோடு வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

எந்தப் பொட்டலம் வாங்கினாலும் வயதுக் குறியையும், ஈஎன் 71 அல்லது ஏஎஸ்டிஎம் டி-4236 என்ற பாதுகாப்புக் குறியையும் பாருங்கள். மீந்த ஏர் டிரை க்ளேயை ஈரத் துணியில் சுற்றி, காற்றை வெளியேற்றிய ஜிப் பைக்குள் போட்டு, அதையும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மேலே தேதி எழுதுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு திறக்கும்போது ஓரம் மட்டும் இறுகியிருந்தால், அந்த ஓரத்தைப் பிய்த்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அடுத்த யானைக்கு ஒட்டுக் குழம்பு தயார்.